நாற்பத்து மூன்றாம் அத்தியாயம்

வண்டி தாமதமாக வரும் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் மூன்று மொழிகளில் வருத்தம் தெரிவித்தாள். அல்லியங்கோதைக்கு வருத்தமாக இல்லை. வரட்டும், மெதுவாகவே வரட்டும், ஆறு வருஷமாக வராத மனுஷன் இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்தால் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தபடி, திருச்சி ஜங்ஷனில் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த சிமெண்டு பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். பை கனத்தது. உள்ளே புத்தகம். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் நிறைமதி நாலைந்து நாளைக்கு முன்னால் தபாலில் அனுப்பியது. புதுப் பதிப்பு, வழவழவென்று அட்டை, அட்டையில் ஒரு பாய்மரக் கப்பல், அதன் முகப்பில் கூந்தல் பறக்க ஒரு பெண். அந்தப் பெண்ணின் பெயரைத்தான் இவளுக்கு வைத்திருந்தார்கள். 'புகார்த் துறைக் காவலன்' என்ற அந்தச் சரித்திரக் கதை வாரப் பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்த சமயத்தில் இவள் பிறந்தாள். கதை எப்படி முடியப் போகிறது, நாயகி வாழ்கிறாளா சாகிறாளா என்பதே தெரியாமல் அம்மா பங்கஜவல்லி தைரியமாக அந்தப் பெயரை வைத்துவிட்டாள். சாகவில்லை, நல்லவேளை. கடைசியில் கல்யாணம்தான். ஆனால் அம்மா வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டி வைத்திருந்த அந்தப் பழைய கதைக்கட்டில் ஒரு வாரத்துக் கதை மட்டும் இல்லை. நாற்பத்து இரண்டு இருந்தது, நாற்பத்து நான்கு இருந்தது. நடுவில் நூல் தொங்கியது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் அது. "உன்னைக் குடுத்துட்டு அத்தியாயத்தை எடுத்துக்கிட்டாருடி கடவுள்" என்று அம்மா சிரிப்பாள். சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். இவளால்தான் அப்படிப் போக முடியவில்லை.

ஏனென்றால் போயும் போயும் அந்த இடமாகவா தொலைய வேண்டும். சோழ நாட்டுக் கப்பற்படைத் தலைவன் இளங்கண்டன், சொல்லாமல் கொள்ளாமல் கடாரத்துக்குக் கப்பலேறிப் போய், மூன்று வருஷம் ஒரு சேதி இல்லாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் வந்து வாசலில் நிற்கிறான். நாற்பத்து இரண்டாம் அத்தியாயத்தின் முடிவு அது. 'வீரரே! கடலைத் தாண்டத் தெரிந்த உமக்கு ஒரு சேதி அனுப்பத் தெரியவில்லையா? இனி இந்த வாசலில் உமது நிழலும் விழ வேண்டாம்!' என்று சொல்லி அல்லியங்கோதை கதவைச் சாத்துகிறாள். தாழ்ப்பாள் விழும் ஓசை அவன் நெஞ்சில் இடியாக இறங்குகிறது. பக்கத்தைத் திருப்பினால் பின்புறம் கூந்தல் தைலத்துக்கு விளம்பரம். அதற்கடுத்த பக்கத்தில், கீழ்வானம் சிவக்கிறது, கப்பல் போகிறது, அதன் முகப்பில் அவன் தோளில் சாய்ந்துகொண்டு நிற்கிறாள் அதே அல்லியங்கோதை. எப்படி? நடுவில் என்ன நடந்தது? கதவை யார் திறந்தது? அவன் என்ன சொன்னான்? பதின்மூன்று வயதில் கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு முதல் தடவை படித்தபோது இவளுக்கு மூச்சே நின்றுபோனது. ஓடிப்போய் அடுப்படியில் அம்மாவைக் கேட்டாள். "என்னம்மா சொல்லியிருப்பான்?" அம்மா தோசையைத் திருப்பினாள். "ஆம்பளை திரும்பி வந்ததே பெரிசு. சொல்ல வேற வேணுமா?" என்றாள். அந்தப் பதில் பிடிக்கவில்லை. அன்றைக்கே பிடிக்கவில்லை. ஒரு வார்த்தை இருந்திருக்க வேண்டும், சாத்திய கதவைத் திறக்க வைக்கிற மாதிரி ஒரு வார்த்தை, அது அந்த வாரத்துப் பத்திரிகையில் அச்சாகி, ஊரெல்லாம் படித்து, வேர்க்கடலை மடித்துக் கொடுத்து, தீர்ந்துபோயிருக்கிறது. இவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

அதனால் இவளே சொல்லிக்கொண்டாள். பதின்மூன்று வயதில் இளங்கண்டன் மழையில் நனைந்துகொண்டே வாசலில் நின்று அழுதான். அழுதால் போதும் என்று அப்போது தோன்றியது. கோயம்புத்தூரில் வேளாண்மை படித்தபோது விடுதியில் சாயங்காலம் துணி காயப்போடும் மாடியில் தோழிகளுக்கு இந்தக் கதையைப் பகுதி பகுதியாகச் சொன்னாள். அங்கே இளங்கண்டன் கொஞ்சம் தேறியிருந்தான். கடாரத்தில் சிறைப்பட்டதையும், சிறைச் சுவரில் நகத்தால் அவள் பெயரைக் கீறியதையும், பெயர் நீளமாக இருந்ததால் கடைசி எழுத்துக்கு நகமே இல்லாமல் போனதையும் மூடிய கதவைப் பார்த்துச் சொன்னான். தூத்துக்குடிக்காரி ஃபிலோமினா தேம்பித் தேம்பி அழுதுவிட்டு, "எனக்கும் இப்படி ஒருத்தன் வரணும்டி" என்றாள். இவள் பெருமையாக, கதாசிரியர் எப்படி எழுதியிருக்கிறார் பார் என்றாள். பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல்கூட இல்லை. அவர் எழுதியிருப்பார், இதைவிட நன்றாகவே எழுதியிருப்பார், பெரிய ஆளல்லவா. நிறைமதி கைக்குழந்தையாக இருந்தபோது பால் கொடுத்துக்கொண்டே இன்னொரு தடவை படித்தாள். அப்போது இளங்கண்டன் மேல் எரிச்சலாக வந்தது. மூன்று வருஷத்தில் ஒரு கப்பலுமா புகாருக்குத் திரும்பவில்லை, ஒரு மாலுமியிடம் சொல்லி அனுப்பினால் வாய் வலித்துவிடுமா. அந்தத் தடவை அவனுக்குச் சின்னதாக ஒரு பேச்சுதான் கொடுத்தாள். 'எனக்குப் பயமாக இருந்தது' என்று மட்டும் சொன்னான். அதுதான் இருப்பதிலேயே நல்லதோ என்று இப்போதும் ஒரு எண்ணம் உண்டு. எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒரு சரக்கு வண்டி போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது, கரித்தூள் வாசனையும் சூடான இரும்பு வாசனையும் கலந்து அடித்தது, பெஞ்சு லேசாக அதிர்ந்தது, வலது முழங்கால் அதற்குத் தக்கபடி ஒரு தரம் சுண்டியது.

கல்யாணமான புதிதில் அம்பலவாணன் அந்தக் கதைக்கட்டை எடுத்து இரண்டு பக்கம் படித்துவிட்டு, "என்ன, எல்லாரும் ஆச்சரியக்குறி போட்டே பேசிக்கிறாங்க" என்று கீழே வைத்தார். இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாஸ்தவம்தான். அவர் பேச்சில் ஆச்சரியக்குறி என்ன, முற்றுப்புள்ளிகூடக் கிடையாது. பாதியில் நிற்கும். "அதான்..." என்பார். "பார்க்கலாம், அது வந்து..." என்பார். பாங்கில் நல்ல பெயர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, ஒரு பெண்ணின் பெயர் அடிபட்டது கிடையாது. போபாலுக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தபோது, நிறைமதி கல்லூரி முடிக்கட்டும், நீ இங்கே இரு என்றார், நியாயமாகத்தான் பட்டது. முதல் வருஷம் மாதாமாதம் வந்தார். பிறகு தீபாவளிக்கு வந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை போன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "அங்க வந்தா எனக்கு மூச்சு முட்டுது அல்லி. உன் மேல தப்பு ஒண்ணும் இல்ல. இப்படியே இருந்துடலாம், அதான்..." என்றார். இவள் அப்போது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு மீதி வெண்டைக்காயையும் நறுக்கினாள். ஏன் முட்டுகிறது, எது முட்டுகிறது, வீடா, நானா, ஜன்னலைத் திறந்து வைத்திருக்கலாமே என்று பைத்தியக்காரத்தனமாக என்னென்னவோ ஓடியது. அதற்கப்புறம் கொஞ்ச காலம் நாற்பத்து இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். அலுவலகத்திலிருந்து வருவாள், முகம் கழுவுவாள், கதைக்கட்டை எடுப்பாள், அந்த அல்லியங்கோதை கதவைச் சாத்துவாள், தாழ்ப்பாள் விழும், மூடி வைத்துவிட்டுக் குழம்பைச் சூடு பண்ணுவாள். வந்து நின்றால்தானே சாத்த முடியும், இங்கே வரவே இல்லையே என்பதுதான் ஆத்திரமாக இருந்தது. ஆனால் அந்த ஆத்திரமும் எப்போது வடிந்தது என்று சொல்லத் தெரியவில்லை. இவள் பொறுப்பில் இருந்த விதைப் பரிசோதனை நிலையத்தில் அப்போது ஆள் பற்றாக்குறை. ஈரக் காகிதத்தில் சுருட்டி வைத்த நெல்லைப் பிரித்துப் பார்த்து, முளைத்தது இது, முளைக்காது இது என்று பிரிப்பதிலேயே பகல் போனது. கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கொல்லிமலைக்குத் தனியாகவே ஓட்டிக்கொண்டு போய் வந்தாள். கட்டிலில் குறுக்காகப் படுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்காமல் இருக்கும் அந்த நிசப்தத்துக்கு ஒரு ருசி இருப்பதைக் கண்டுபிடித்து, அது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று முதலில் வெட்கப்பட்டு, பிறகு வெட்கத்தையும் விட்டாள்.

எல்லாவற்றிலும் நிதானம் வந்துவிட்டது. ஒன்றே ஒன்றில் மட்டும் பயம். புத்தகக் கண்காட்சிக்கு வருஷா வருஷம் போவாள். 'புகார்த் துறைக் காவலன்' அடுக்கி வைத்திருப்பார்கள். தடித்த புத்தகம், முழுப் பதிப்பு. நாற்பத்து மூன்று அதில் இருக்கும். பக்கத்தில் போய் நிற்பாள், புத்தக முதுகைத் தடவிப் பார்ப்பாள், அடுத்த கடைக்குப் போய்விடுவாள். அதில் அந்த வார்த்தை இருந்துவிட்டால்? கதவைத் திறக்க வைக்கிற வார்த்தை நிஜமாகவே உலகத்தில் ஒன்று உண்டு, அதை யாரோ ஒருத்தர் எழுதியும் வைத்துவிட்டார் என்றால், அதைப் படித்த மறு நிமிஷம் தான் இளகிவிடுவோம் என்று இவளுக்குத் தோன்றியது. நாளைக்கே அம்பலவாணன் போனில் அதில் பாதியைச் சொன்னால் போதும், மீதியை இவளே போட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிடுவாள். அதனால் வேண்டாம், படிக்கவே வேண்டாம் என்று இருந்தாள். பார்த்தால், அவர் ஓய்வு பெற்றுவிட்டு, 'ஞாயிறு வருகிறேன். பேசலாம்' என்று செய்தி அனுப்புகிற அதே வாரத்தில் இந்தப் பெண் புத்தகத்தை அனுப்பி வைக்கிறாள், பிறந்தநாள் பரிசாம், உன் பேர் போட்ட புக்கும்மா என்று.

போன் அடித்தது. நிறைமதிதான்.

"ட்ரெயின் வந்துடுச்சாம்மா?"

"லேட்டாம்."

"அப்பாகிட்ட என்ன சொல்லப் போறே?"

"அவர் என்ன சொல்றார்னு பார்ப்போம்."

"அம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? எனக்காகன்னு எதையும் முடிவு பண்ணாத. நான் ரெண்டு பேர்கிட்டயும் பேசுவேன். நீ எப்படி முடிவு எடுத்தாலும் எனக்கு ஓக்கேதான்."

"சாப்பிட்டியாடி?"

"பேச்சை மாத்தாத."

"மாத்தல. சாப்பிட்டியான்னுதான் கேட்டேன்" என்று சொல்லிச் சிரித்து, போனை வைத்தாள். குழந்தை என்ன தெளிவாகப் பேசுகிறது. நமக்கு இந்த வயதில் இவ்வளவு தெளிவு இருந்ததா? இருந்தது, இருந்திருக்கும், பேசத்தான் இடமில்லை. பையைத் திறந்தாள். புத்தகத்தை எடுத்தாள். புதுக் காகித வாசனை. இப்போது படிக்காவிட்டால், அவர் வந்து நின்று வாயைத் திறக்கும்போது, இதுதானோ அது, இதுதானோ என்று மனசு அல்லாடும். படித்துவிட்டால் தெரிந்துபோகும். இளகினால் இளகட்டும், தெரிந்தே இளகட்டும். பொருளடக்கத்தைப் பார்க்காமல் நேரே தள்ளினாள். நாற்பது, நாற்பத்தொன்று. தாழ்ப்பாள் விழுந்தது. பின்புறம் தைல விளம்பரம் இல்லை, வெள்ளையாகப் பாதிப் பக்கம். திருப்பினாள்.

'43. சுரங்க வழி' என்று இருந்தது. நள்ளிரவாம். உறையூர்க் கோட்டையாம். காவி உடுத்த ஒரு போலிச் சாமியார் மதிலோரம் பதுங்கிப் பதுங்கிப் போகிறார். சரி, இவர் போய் ஏதோ செய்தி சொல்லப் போகிறார் போல என்று படித்தாள். சாமியார் ஒரு கல்லைப் புரட்டுகிறார். சுரங்கம். உள்ளே வௌவால். சுரங்கத்தை வெட்டியது யார், எந்த வம்சம், எத்தனை காத தூரம் என்று ஒன்றரைப் பக்கம். மறுமுனையில் எதிரி ஒற்றன். சாமியாரின் ஜடாமுடி அவன் கையோடு வந்துவிடுகிறது. வாள் மோதல். தீப்பொறி. 'அந்த ஒற்றன் வேறு யாருமல்ல!' என்று அத்தியாயம் முடிகிறது. அல்லியங்கோதை பக்கத்தைத் திருப்பினாள். கீழ்வானம் சிவந்தது, கப்பல் போனது, இளங்கண்டன் தோளில் நாயகி சாய்ந்திருந்தாள். திருப்பி வந்தாள். மறுபடி சுரங்கம். பக்க எண்ணைச் சரிபார்த்தாள், எதுவும் விட்டுப்போகவில்லை. இவ்வளவுதான். அந்த வாரத்தில் இளங்கண்டனும் இல்லை, அல்லியங்கோதையும் இல்லை, கதவும் இல்லை. கதவைத் திறக்கிற இடத்தைக் கதாசிரியர் எழுதவே இல்லை. மறந்துபோனாரோ, அச்சுக்கு நேரமாகிவிட்டதோ, அல்லது நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைக் கடித்துக் கடித்துப் பார்த்து, மூன்று வருஷம் சேதி அனுப்பாதவன் என்னதான் சொல்ல முடியும் என்று அவருக்கே ஒன்றும் தோன்றாமல், சாமியாரைச் சுரங்கத்துக்குள் அனுப்பிவிட்டாரோ.

சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, வாய்விட்டே சிரித்துவிட்டாள், கண்ணில் நீர் வந்தது. பெஞ்சின் மறு ஓரத்தில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் இவளைப் பார்த்துத் தானும் சிரித்தாள்.

"சிரிப்புக் கதையா தங்கச்சி?"

"சண்டைக் கதைதான்க்கா. சாமியார் ஜடை கழண்டு விழுந்துடுச்சு."

"விழட்டும், விழட்டும்" என்று அந்த அம்மாள் ஒரு கவளத்தை வாயில் போட்டாள்.

சிரித்து முடித்ததும் உள்ளே ஏதோ காலியானது போலிருந்தது. பயம் மறுபடி எட்டிப் பார்த்தது, வேறு முகத்தோடு. அப்படியானால் அந்தச் சிறைச் சுவர்? கடைசி எழுத்துக்கு இல்லாமல்போன நகம்? எனக்குப் பயமாக இருந்தது என்றானே, அது? அத்தனையும் நான் சொன்னது. அவன் வாயில் நான் வைத்தது. ஃபிலோமினா அழுதது என் வார்த்தைக்கு. நினைத்துப் பார்க்கப் பார்க்க, அது கதையோடு நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் அவர் பேசாமல் எழுந்து போனபோதெல்லாம், பாவம் பாங்கில் தணிக்கை, களைப்பு என்று யார் சொன்னது? நான். கல்யாண நாளை மறந்தபோது, மனசுக்குள் ஞாபகம் இருக்கும், காட்டிக்கொள்ளத் தெரியாது என்று யார் சொன்னது? அதுவும் நான். "அதான்..." என்று அவர் நிறுத்தின ஒவ்வொரு வாக்கியத்தையும் நான்தான் எழுதி முடித்திருக்கிறேன், இத்தனை வருஷமும், அலுக்காமல், நன்றாகவே. அவரைவிட நன்றாக. கதாசிரியரைவிடக்கூட. இதற்கு அழ வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தாள். அழுகை வரவில்லை. வந்தது ஒரு கர்வம். இவ்வளவும் நம்மிடம்தான் இருந்ததா என்ற வியப்பு, அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது மறந்துபோன பட்டுப்புடவை ஒன்று கைக்குத் தட்டுப்பட்ட மாதிரி. புத்தகத்தை மூடிப் பையில் வைத்தாள். டீக்காரர் போனார். ஒரு டீ வாங்கி ஊதி ஊதிக் குடித்தாள். இனிப்பு தூக்கலாக இருந்தது, நன்றாகவும் இருந்தது.

வண்டி வந்து நின்றது. கும்பல் இறங்கி வடிந்த பிறகு அம்பலவாணன் இறங்கினார். இளைத்திருந்தார். தலைக்குச் சாயம் பூசியிருந்தார், காதோரம் மட்டும் விட்டுப்போயிருந்தது. சின்னதும் பெரிதுமாக இரண்டு பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். பேச வருகிறவர் இரண்டு பெட்டியோடு வருவாரா என்று இவள் பார்த்துக்கொண்டாள்.

"வந்துட்டியா. எங்க நீ வராம இருந்துடுவியோன்னு நெனச்சேன்."

"வரேன்னு சொன்னேன்ல. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

உட்கார்ந்தார். புளியோதரை அம்மாள் எழுந்து போயிருந்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, பாட்டில் மூடியைத் திருகியபடி பேசினார். ஒத்திகை பார்த்து வந்தது தெரிந்தது, இருந்தாலும் மோசமில்லை. "நெறைய யோசிச்சேன் அல்லி. அங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சா லைட் சுவிட்சு போடுற சத்தம்கூடப் பெரிசாக் கேக்குது. ரிட்டயர் ஆன அன்னிக்கு மாலை போட்டாங்க. அந்த மாலையைக் கொண்டுபோய் எங்க மாட்டுறதுன்னு தெரியாம கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அதான்..."

நல்ல வார்த்தைகள். இவளுக்குள் ஏதோ அசையத்தான் செய்தது, இல்லை என்று சொல்ல முடியாது. மாலையும் கையுமாக உட்கார்ந்திருக்கும் மனிதரைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அவர் நிறுத்திவிட்டு இவள் முகத்தைப் பார்த்தார். காத்திருந்தார். பழக்கம். நாக்கு நுனி வரை வந்தது. 'அதான் என்னை விட்டு இருக்க முடியலைன்னு தெரிஞ்சுதாக்கும்' என்று முழுசாக, அழகாக வந்து நின்றது. விழுங்கிவிட்டாள்.

"அதான்?" என்று கேட்டாள்.

அவர் திகைத்தார். மூடியைக் கழற்றி மறுபடி திருகினார். "அதான்... இனிமே ஒண்ணா இருக்கலாம்னு."

"ஒண்ணா வேணாங்க."

"கோபமா இருக்கியா?"

"கோபம் இருந்தா ஸ்டேஷனுக்கே வந்திருக்க மாட்டேன். இல்ல. எனக்கு இப்ப இருக்கறது பிடிச்சிருக்கு."

"தனியா இருக்கறதா?"

"ஆமா. முதல்ல பழகிக்கிட்டேன்னுதான் நெனச்சேன். பழக்கம் இல்ல. பிடிச்சிருக்கு."

அவர் தன் இரண்டு பெட்டிகளையும் பார்த்தார். "அப்ப நான் எங்க போறது?" குரலில் சண்டை இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அது இவளைத் தொட்டது. தொடட்டும் என்று விட்டாள், அதை எதுவாகவும் மாற்றப் போகவில்லை.

"இந்த ஊர்ல வீடா கிடைக்காது? உறையூர்ப் பக்கம் நல்ல காத்தோட்டமாக் கிடைக்கும். நானும் கூட வந்து பார்க்கறேன். நிறைமதி வந்தா ரெண்டு வீட்டுக்கும் வருவா. இப்ப வாங்க, வத்தக்குழம்பு வச்சிருக்கேன், சாப்பிடலாம். சாயங்காலம் நல்ல லாட்ஜாப் பார்த்து விட்டுட்டு வரேன்."

"ஊர்ல என்ன சொல்வாங்க அல்லி?"

"அது அவங்க பாடு" என்று எழுந்தாள். முழங்கால் சுண்டியது, நின்று நிதானித்துக்கொண்டாள். அவரும் எழுந்தார். சின்னதை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, பெரிய பெட்டியின் கைப்பிடியை இவள் பக்கம் திருப்பி வைத்தார். எந்த ஊருக்குப் போனாலும் அப்படித்தான், கனமானது இவள் பக்கம் வரும், எடுத்துக்கொண்டு நடப்பாள். அவர் வேண்டுமென்றே செய்யவில்லை என்பதும் தெரிந்தது. கையே திருப்பியது. அல்லியங்கோதை அந்தக் கைப்பிடியைப் பார்த்தாள். தோளில் பையைச் சரியாக மாட்டிக்கொண்டு, "கார் வெளியில நிக்குது, மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மேம்பாலப் படியில் பாதி ஏறியபோது, பின்னால் அவர் கூச்சத்தோடு முதலில் மெதுவாகவும், பிறகு சற்று உரக்கவும் போர்ட்டரைக் கூப்பிடுவது கேட்டது.